பழைய கார், பழைய அழுக்கு: வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னிடம் 1968 மாடல் அம்பாசடர் இருக்கிறது. வாட்டர் சர்வீஸில் விடும்போது எஞ்சினையும் பிரஷரில் அடிக்கச் சொல்லலாமா? (காரைக்குடி)

பதில்: கூடவே கூடாது. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் கொஞ்சம் ஈரம் இறங்கினாலே வண்டி மிஸ் அடிக்கும், அல்லது கிளம்பவே கிளம்பாது. என் முதல் காரை அப்படித்தான் கழுவினேன். மூன்று பேர் தள்ளி வீடு வந்து சேர்ந்தது.

எஞ்சின் நன்றாக ஆறட்டும். முதலில் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர், காயில், டைனமோ, கார்புரேட்டர் வாய் எல்லாவற்றையும் பாலிதீன் பையால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். கட்டிப்போன கிரீஸை மரக்குச்சியால் சுரண்டி எடுத்த பிறகு, மண்ணெண்ணெயில் தோய்த்த பெயின்ட் பிரஷ்ஷால் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்தால் போதும். கீழே பழைய தட்டு ஒன்றை வைக்க மறக்காதீர்கள். அந்தக் கறுப்புத் தண்ணீர் சாக்கடைக்கோ தென்னை மரத்தடிக்கோ போகக்கூடாது.

வயர்களின் மேல் துணிப் பின்னல் இருந்தால் அங்கே மண்ணெண்ணெயும் வேண்டாம். காய்ந்த துணியே போதும்.

கேள்வி: பத்மினி கார் எஞ்சினைத் துடைக்கப் பெட்ரோல்தான் சரி என்கிறார் மெக்கானிக். நண்பர் காஸ்டிக் சோடா என்கிறார். (ஈரோடு)

பதில்: இரண்டும் வேண்டாம். பெட்ரோல் ஆவிக்கு ஒரு சின்னப் பொறி போதும். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்துவிடும். பத்மினி எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டே அலுமினியம்தான்.

கேள்வி: பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. (நாகர்கோவில்)

பதில்: வயர்களைக் கழற்றிவிட்டு, ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். நுரை அடங்கியதும் துடைத்து, வயரை மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். பேட்டரி மூடித் துளைக்குள் கரைசல் போகக்கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி: பளபளவென்று துடைத்த அம்பாசடரில் ஒரே வாரத்தில் மறுபடி ஆயில். துடைத்ததே வீணா? (தஞ்சாவூர்)

பதில்: வீணா? இனிமேல்தான் வேலையே. சுத்தமான எஞ்சினில்தான் கசிவு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியும். சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவி, இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பாருங்கள். பவுடர் நனைந்திருக்கும் இடங்களில் உயரமானதுதான் குற்றவாளி. கீழே இருப்பதெல்லாம் அங்கிருந்து வழிந்தது. அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினில் முதலில் உச்சியில் உள்ள ராக்கர் கவர் என்ற மூடியின் கார்க் கேஸ்கெட்டையும் (கசிவைத் தடுக்கும் அடைப்பு), பக்கவாட்டு டாப்பெட் மூடிகளையும் பாருங்கள். பின்பக்கம் சொட்டுகிறது என்றால் பதறாதீர்கள். அங்கே ரப்பர் சீல் இல்லை. ஆயிலைத் திருப்பி அனுப்பும் திருகுப் பள்ளம்தான். இரவுக்கு ஓரிரு சொட்டு அந்த எஞ்சினின் பிறவிக் குணம்.

கேள்வி: ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் எஞ்சினுக்கு சில்வர் பெயின்ட் அடிக்கலாமா? (கோவை)

பதில்: எதற்கு? ஹெரால்டில் முன்பக்கம் முழுவதும் மட்கார்டோடு தூக்கிக்கொள்ளும். டயர் மேல் உட்கார்ந்தபடியே துடைக்கலாம். ஒரு ஞாயிறு காலை உட்கார்ந்து துடையுங்கள். அடியில் பழைய பெயின்ட் இன்னும் இருக்கும்.