கிட்டாரின் ஃப்ரெட் வேலையை ப்ளெக் இயந்திரத்தில் செய்தால் கைவேலையைவிட நன்றாக வருமா?

உங்கள் எலக்ட்ரிக் கிட்டார் 7வது ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேல் கிர்ரென்று இரைகிறது, உள்ளூரில் ஒருவர் அரம் போட்டுக் கொடுத்தும் தீரவில்லை, ஜெர்மனி போகும் நண்பரிடம் கொடுத்து, ஃப்ரெட்டுகளை அளந்து தேய்க்கும் ப்ளெக் இயந்திரத்தில் செய்துவரச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்பேன். அந்த இயந்திரத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, இருந்தும் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது.

நான் கோவையில் சி.என்.சி., அதாவது கணினி இயக்கும் உலோகம் வெட்டும் இயந்திர வேலையில் இருப்பவன். கல்லூரி நாட்களிலிருந்து கிட்டார் வாசிக்கிறேன். என் கிட்டார் ஒன்று முதலில் கைவேலைக்கும், இரண்டு வருடம் கழித்து ப்ளெக்குக்கும் போய் வந்தது.

முதலில் ஒரு கணக்கு. இதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும். 25.5 அங்குல ஸ்கேல், அதாவது ஏறக்குறைய 648 மி.மீ. நீளமுள்ள கம்பி. 12வது ஃப்ரெட்டில் ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம்) 1.6 மி.மீ. வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். அப்படியானால் உடல் பக்கம் கம்பி உட்காரும் சேடிலில் கம்பி, ஃப்ரெட் தலைகளின் மட்டத்திலிருந்து சுமார் 3.2 மி.மீ. உயரத்தில் இருக்கும். இப்போது ஏதாவது ஒரு ஃப்ரெட்டில் அழுத்துகிறீர்கள். அதற்கு அடுத்த ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? ஒவ்வொரு ஃப்ரெட்டும் மீதிக் கம்பியில் 5.6 சதவீதத்தைக் குறைக்கிறது. எனவே கழுத்து நேராக இருந்தால், எங்கே அழுத்தினாலும் விடை ஒன்றுதான்: 3.2-இல் 5.6 சதவீதம், 0.18 மி.மீ. அச்சிடும் தாள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அவ்வளவுதான் வரும். அந்த இடைவெளிக்குள்தான் கம்பி அதிர வேண்டும். ஒரே ஒரு ஃப்ரெட் 0.05 மி.மீ. தூக்கலாக இருந்தால்கூட இருக்கிற இடத்தில் கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. ஆக்‌ஷனை 1.2-க்கு இறக்கினால் இடைவெளி 0.13 மி.மீ.தான். வேகமாக வாசிப்பவர்கள் கேட்கும் ஆக்‌ஷனில் ஏன் எல்லாக் கிட்டாரும் அடங்குவதில்லை என்று இதிலிருந்தே தெரியும்.

ஃப்ரெட் இருக்கும் இடத்தில் வரும் பிழை இவ்வளவு தொந்தரவு தராது. 12வது ஃப்ரெட் அருகே 0.1 மி.மீ. தள்ளிப்போனால் சுருதி அரை சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) அளவுக்குத்தான் மாறும். அது காதுக்குத் தெரியாது. முன்பு மீதி நீளத்தை 18-ஆல் வகுத்து ஃப்ரெட்டுகளின் இடத்தைக் குறித்தார்கள், இன்றைய கணக்கில் வகுக்கும் எண் 17.817. தொழிற்சாலைகள் பள்ளங்களை இயந்திரத்தில் அறுக்கத் தொடங்கிய பிறகு, ஓரளவு விலையுள்ள எந்தக் கிட்டாரிலும் இடப்பிழை பெரும்பாலும் இருப்பதில்லை. பிரச்சினை உயரத்தில்தான் வரும்.

இனி கைவேலைக்குப் போன கதை. என் கிட்டாரை வாங்கிக்கொண்டவர் கம்பிகளைக் கழற்றினார், மேசையில் கிடத்தினார், நீளமான கட்டையில் உப்புத்தாளை ஒட்டி எல்லா ஃப்ரெட்டையும் ஒரே மட்டமாகத் தேய்த்தார். பிறகு அரத்தால் ராவித் தலையை உருட்டி, பளபளவென்று மெருகேற்றிக் கொடுத்தார். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் கம்பி பூட்டிச் சுருதி சேர்த்ததும் 9, 10 இரண்டிலும் பழைய இரைச்சல் அப்படியே வந்தது. போதாக்குறைக்கு எல்லா ஃப்ரெட்டும் குட்டையாகிவிட்டது.

எங்கள் தொழிலில் இதை எல்லோரும் ஒரு முறையாவது பார்த்திருப்போம். மெல்லிய தகட்டை வைஸில் இறுக்கி மட்டமாக மில்லிங் செய்வோம், டயல் வைத்தால் முள் அசையாது. வைஸைத் தளர்த்தியதும் தகடு வளைந்து நிற்கும். பிடித்த நிலையில் இருந்த மட்டம் வேறு, விட்ட நிலையில் இருக்கும் மட்டம் வேறு. கிட்டார் கழுத்தும் அதே கதைதான். 10-இல் தொடங்கும் (மிக மெல்லிய கம்பி 0.010 அங்குலம்) சாதாரண எலக்ட்ரிக் கம்பி ஆறும் சேர்ந்து கிட்டத்தட்ட 45 கிலோ விசையில் கழுத்தை இழுக்கின்றன. அக்குஸ்டிக்கில் 12 வகைக் கம்பி என்றால் 70 கிலோவைத் தாண்டும். அந்த இழுப்பில் கழுத்து எல்லா இடத்திலும் ஒரே அளவாக வளைவதில்லை. மரத்தின் ரேகை, கழுத்துக்குள் இருந்து வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடு என்ற உலோகத் தண்டு பிடிக்கும் இடம், உடலோடு சேரும் மூட்டு எல்லாம் அதை மாற்றும். தடித்த கம்பிப் பக்கம் ஒரு மாதிரியும் மெல்லிய கம்பிப் பக்கம் ஒரு மாதிரியும் வளையும். கம்பி இல்லாத கழுத்தை மட்டமாக்கிவிட்டு, கம்பி பூட்டிய கழுத்தும் மட்டமாக இருக்கும் என்று நம்பியதுதான் அங்கே நடந்த தவறு.

அந்த இடத்தில்தான் ப்ளெக் உதவுகிறது. பெர்லினில் கெர்ட் ஆன்கே என்பவர் 1990களில் உருவாக்கிய இயந்திரம் இது. கிப்சன் போன்ற பெரிய நிறுவனங்கள் இன்று தொழிற்சாலையிலேயே இதை வைத்திருக்கின்றன. பலர் இதை ஃப்ரெட் தேய்க்கும் ரோபோ என்று நினைக்கிறார்கள். தேய்ப்பது அதன் இரண்டாவது வேலை. முதல் வேலை, கம்பி பூட்டிச் சுருதி சேர்த்த நிலையில் ஒவ்வொரு ஃப்ரெட்டின் உயரத்தையும், ஃப்ரெட்டுகள் பதிந்த பலகையான ஃபிங்கர்போர்டையும் நூறில் ஒரு மி.மீ. என்ற வரிசையில் அளந்து படமாகக் காட்டுவது.

வேலை விஷயமாக ஒரு குளிர்காலத்தில் ஜெர்மனியில் இரண்டு மாதம் இருந்தபோது கிட்டாரைக் கூடவே கொண்டுபோயிருந்தேன். மூன்றே வாரத்தில் ஃப்ரெட் முனைகள் உள்ளங்கையைக் குத்தத் தொடங்கின. ஹீட்டர் ஓடும் அறையின் வறட்சியில் ஃபிங்கர்போர்டு மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது, அதனால் முனை வெளியே நீட்டிக்கொள்ளும். அதைச் சரிசெய்யப் போன கடையில் ப்ளெக் இருந்தது. கடைக்காரர் நான் சி.என்.சி. ஆள் என்று தெரிந்ததும் பக்கத்திலேயே நின்று பார்க்க விட்டார்.

கிட்டாரை நிமிர்த்திப் பொருத்தினார். அளவு எடுத்து முடிந்ததும் திரையில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு படம் வந்தது, உயரம் மட்டும் பல மடங்கு பெரிதாக்கப்பட்ட படம். என் கழுத்தை அப்படிப் பார்த்தது மறக்கவே முடியாத அனுபவம். இரண்டு வருடமாகக் காதால் மட்டுமே தேடிக்கொண்டிருந்தது கண்ணெதிரே இருந்தது. 10வது ஃப்ரெட்டும் 13வதும் தூக்கலாக நின்றன. தடித்த கம்பிப் பக்கம் குழிவு (கம்பி இழுப்பில் கழுத்து முன்னால் வளையும் லேசான வளைவு) சரியாக இருந்தது, மெல்லிய கம்பிப் பக்கம் கிட்டத்தட்ட நேராக இருந்தது. அவர் உடனே வெட்டப் போகவில்லை. முதலில் 13வதை மெதுவாகத் தட்டிப் பார்த்தார், அது பள்ளத்தில் ஆட்டம் கண்டிருந்தது. அதை அழுத்தி ஒட்டினார். ஆட்டம் உள்ள ஃப்ரெட்டை எந்த இயந்திரத்தாலும் சரியாக வெட்ட முடியாது. அப்புறம் டிரஸ் ராடைக் கொஞ்சம் திருப்பி மறுபடி அளந்தார். இப்படியே இரண்டு மூன்று சுற்று.

அதன் பிறகு திரையிலேயே எவ்வளவு குழிவு வேண்டும், கடைசி ஃப்ரெட்டுகள் எவ்வளவு தாழ வேண்டும், தலைகளின் வளைவு ஆரம் என்ன என்று அவர் ஒவ்வொன்றாக மாற்ற மாற்ற, எந்த ஃப்ரெட்டில் எவ்வளவு உலோகம் போகும் என்று இயந்திரம் கணக்குக் காட்டியது. என் கிட்டாரில் ஃபிங்கர்போர்டின் குறுக்கு வளைவு பழைய ஃபெண்டர் கிட்டார் மாதிரி 7.25 அங்குல ஆரம். இந்த வளைவில் ஆக்‌ஷனை இறக்கிவிட்டு மேல் ஃப்ரெட்டுகளில் கம்பியை வளைத்து இழுத்தால், கம்பி நடு மேட்டைத் தொட்டு ஒலி செத்துவிடும். அதனால் மேல் ஃப்ரெட்டுகளின் தலையை மட்டும் கொஞ்சம் தட்டையான ஆரத்துக்குக் கொண்டுபோனார். எங்கே நிறுத்துவது என்று தீர்மானித்தது அவர்தான், இயந்திரம் இல்லை. நான் எப்படி வாசிக்கிறேன், எந்தக் கம்பி போடுகிறேன் என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் அந்த எண்களைப் போட்டார். முடிவான பிறகு கம்பிகளைக் கழற்றி, கழுத்தை மறுபடி அளக்கவைத்து, வெட்டவிட்டார். எந்த ஃப்ரெட்டிலும் 0.08 மி.மீ.க்கு மேல் போகவில்லை. ஏற்கெனவே குட்டையான ஃப்ரெட்டுகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியும். வீணையில் மெட்டுகள் மெழுகில் உட்கார்ந்திருக்கும், தவறினால் மெழுகை இளக்கி மறுபடி வைக்கலாம். கிட்டாரில் போன உலோகம் போனதுதான். புது ஃப்ரெட் 1.2 மி.மீ. உயரம் என்றால், 0.7 அளவுக்கு வந்ததும் மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வாசித்துப் பார்த்தபோது ஆக்‌ஷன் 2 மி.மீ.யிலிருந்து 1.5-க்கு இறங்கியிருந்தது, இரைச்சல் இல்லை. 14வது ஃப்ரெட்டில் ஜி கம்பியை முழுச் சுரம் இழுத்தால் கடைசிவரை பாடியது. கோவை திரும்பிய பிறகு ஈரக் காற்றில் கழுத்து மறுபடி அசைந்தது, டிரஸ் ராடைக் கால் சுற்று திருப்ப வேண்டியிருந்தது. ஃப்ரெட்டுகளின் மட்டம் இன்றுவரை அப்படியே இருக்கிறது.

இவ்வளவு நல்ல அனுபவத்துக்குப் பிறகும் ஏன் வேண்டாம் என்கிறேன்? அந்த வேலையில் மதிப்புள்ள பகுதி, கழுத்தை வாசிக்கும் நிலையில் வைத்து அளந்தது. அதைக் கையாலும் செய்யலாம், செய்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கிட்டார் பழுதுபார்ப்பவரான டான் எர்ல்வைன் இதற்கென்றே ஒரு ஜிக், அதாவது பிடிமானச் சட்டம், உருவாக்கினார். கம்பி பூட்டிய நிலையில் கழுத்து எப்படி நின்றதோ, கம்பியைக் கழற்றிய பிறகும் அதே வளைவில் அதைத் தாங்கிப் பிடிக்கும். கம்பிகளுக்கு அடியிலேயே நுழையும் ஒல்லியான எஃகுப் பட்டியில் உப்புத்தாள் ஒட்டி, சுருதி சேர்த்தபடியே தேய்க்கும் முறையும் உண்டு. இப்படி வேலை செய்யும் ஒரு கைக்கும் ப்ளெக்குக்கும் உள்ள வித்தியாசம் சிறிது. கம்பி இல்லாமல் மேசையில் கிடத்தித் தேய்க்கும் கைக்கும் இவை இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரிது. ப்ளெக்குக்கு வெளிநாட்டில் பல இடங்களில் 200, 300 டாலர் கேட்கிறார்கள். அதோடு விமானப் பயணம். நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள், எப்படி வாசிக்கிறீர்கள் என்று அந்த ஆள் பார்க்க முடியாது. முக்கியமாக, உங்கள் கிட்டாருக்கு ஃப்ரெட் வேலையே தேவையா என்று இன்னும் தெரியாது.

அதனால் முதலில் வீட்டில் இதைச் செய்யுங்கள். வழக்கமாக வைக்கும் சுருதியில் கம்பிகளைச் சேர்த்துவிட்டு, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டுங்கள். தடித்த ஈ கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, 7வது, 8வது ஃப்ரெட் தலைக்கும் கம்பிக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். வண்டி மெக்கானிக் கடைகளில் பயன்படுத்தும் அதே கேஜ் போதும். இந்த இடைவெளிதான் குழிவின் அளவு, 0.15 முதல் 0.25 மி.மீ. வரை இருந்தால் நல்லது. இடைவெளியே இல்லையென்றால் கழுத்து பின்னால் வளைந்திருக்கிறது. டிரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்தி, ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். மெல்லிய ஈ கம்பியிலும் இதையே செய்யுங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் வெவ்வேறாக இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 12வது ஃப்ரெட்டில் ஆக்‌ஷனை 1.6-க்கு வைத்து வாசியுங்கள்.

அப்போதும் இரைந்தால், பழைய ஏ.டி.எம். அட்டை ஒன்றை எடுங்கள். அதன் குட்டை விளிம்பு, 8வது ஃப்ரெட்டிலிருந்து 14வது வரை எங்கே வைத்தாலும் மூன்று ஃப்ரெட்டுகளை மட்டும் தொடும். கம்பிகளுக்கு நடுவில் வைத்து லேசாக அசைத்துப் பாருங்கள். ஊஞ்சல் மாதிரி ஆடினால் நடு ஃப்ரெட் தூக்கல். அதை மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள், ஒலி மற்றவற்றைவிட மொத்தையாகக் கேட்டாலோ கம்பிப் பக்கமாக அசைந்தாலோ அது ஆட்டம் கண்டிருக்கிறது. அதற்கு ஒட்டு வேலைதான், தேய்க்கக் கூடாது. ஆட்டமில்லாமல் ஒன்றிரண்டு ஃப்ரெட் மட்டும் தூக்கலாக இருந்தால், அவற்றை மட்டும் தேய்த்துத் தலையை உருட்டினால் போதும். ஐந்தாறு ஃப்ரெட் ஆடுகிறது, இரண்டு பக்கக் குழிவும் வேறு, ஃப்ரெட் உயரமும் 0.8-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்றால் மட்டும் நண்பரிடம் கொடுத்து அனுப்புவதைப் பற்றிப் பேசலாம். அந்த நிலையில் உலோகத்தைச் சிக்கனமாக எடுக்க ப்ளெக்கைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

உள்ளூரில் யாரிடம் கொடுத்தாலும், கொடுக்கும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “அண்ணா, கம்பி பூட்டியபடி அளந்து பார்த்துவிட்டுத் தேய்ப்பீர்களா?” ஆமாம் என்றால் எந்தக் கருவியில் அளக்கிறார் என்று காட்டச் சொல்லுங்கள். சந்தோஷமாகக் காட்டுகிறவரிடம் தயங்காமல் கொடுக்கலாம்.

இரண்டு ஈ கம்பிகளின் குழிவையும், எந்த ஃப்ரெட்டில் அட்டை ஆடியது என்பதையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அளவைப் பார்த்துவிட்டு அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.