ஆறு எந்தப் பக்கம்? – வாசகர் கேள்வி பதில்

மகள் போர்ச்சுகலில் வேலை பார்க்கிறாள். செப்டம்பரில் போகிறோம். டோரு ஆற்றோரம் திராட்சைத் தோட்டங்கள் வழியே போகும் ரயிலில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்? நீராவி வண்டியா, சாதா வண்டியா?
– வாசகி, பாலக்கோடு

போகும்போது வலது பக்கம். போர்ட்டோவிலிருந்து கிழக்கே போகும் பாதை ஆற்றின் வடகரையில்தான் ஓடுகிறது. முதல் ஒரு மணி நேரம் ஆறே தெரியாது. அதற்காக இடம் மாறிவிடாதீர்கள். வழியில் துவா நிலையம் தாண்டி ஃபெர்ரடோசா பாலத்தில் வண்டி தென்கரைக்குப் போய்விடும். அங்கிருந்து கடைசி நிலையமான பொசீன்யோ வரை ஆறு இடது பக்கம். சாதா வண்டியில் இருக்கை எண் கிடையாது, முந்தினவருக்கு ஜன்னல். அதனால் வண்டி புறப்படுவது போர்ட்டோவின் இரு நிலையங்களில் சாவ் பெந்தோவிலா, கம்பான்யாவிலா என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டு, புறப்படும் இடத்திலேயே அரை மணி நேரம் முன்னதாகப் போய் ஏறுங்கள்.

நீராவி வண்டி கோடை முதல் அக்டோபர் வரை, வார இறுதிகளில், இதே பாதையில் உள்ள ரேகுவா நிலையத்திலிருந்து துவா வரை 36 கி.மீ. மட்டும் ஓடும். 1925-இல் ஜெர்மனியில் ஹென்ஷெல் ஆலை செய்த எஞ்சின், பின்னால் ஐந்து பழைய பெட்டிகள். முன்பதிவு செய்தே ஆக வேண்டும். காட்டுத்தீ அபாயம் இருந்தால் அன்று டீசல் எஞ்சினை மாட்டிவிடுவார்கள். புகையைப் பார்க்கவே போகிறவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம்.

எங்களைக் கேட்டால் சாதா வண்டியில் பொசீன்யோ வரை போய்த் திரும்புங்கள் என்போம். போக மட்டும் சுமார் மூன்றரை மணி நேரம். ரேகுவாவுக்கு மேல் வண்டிகள் குறைவு; திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பின்யாவில் இறங்கி அடுத்த வண்டி பிடிக்க முடிந்தால் விடாதீர்கள். நிலையச் சுவர் முழுக்க நீலப் பீங்கான் ஓட்டில் 24 சித்திரங்கள்: அறுவடை, கூடை சுமக்கும் ஆட்கள், ஆற்றின் வளைவுகள். நீங்கள் போவதும் அறுவடை மாதம்தான்.

ஊட்டி ரயில் மாதிரி பல்சக்கரம் உண்டா?
– வாசகர், மொரப்பூர்

இல்லை. ஆற்றை ஒட்டியே போவதால் ஏற்றம் குறைவு. பாதையின் அகலம் 1,668 மி.மீ., நம் அகலப்பாதையைவிட 8 மி.மீ.தான் குறைவு. துவாவிலிருந்து பிரிந்த மீட்டர் பாதையின் கீழ்ப்பகுதி அணைத் தண்ணீரில் மூழ்கிவிட்டது. உங்கள் ஊரிலிருந்து தருமபுரிக்குப் போன இரண்டரை அடிச் சின்னப் பாதையைப் போல அதுவும் இனி இல்லை.

பாறை மேட்டில் திராட்சை எப்படி வளர்கிறது?
– விவசாயி, கிருஷ்ணகிரி

அங்குள்ளது ஏடு ஏடாகப் பிளக்கும் கல். அந்த இடுக்கில் மழைநீர் இறங்க, வேரும் ஈரத்தைத் தேடி ஆழமாகப் போகிறது. பகலில் வாங்கிய சூட்டைக் கல் இரவிலும் விடுகிறது. படிவரப்புகள் சாந்து வைக்காமல் கல்லை அடுக்கிக் கட்டியவை. ரயிலிலிருந்து பார்த்தால் நடுநடுவே கொடியில்லாமல் புதர் மண்டிய படிகள் தெரியும். அவை 19-ஆம் நூற்றாண்டில் ஃபைலாக்சரா என்ற வேர்ப்பூச்சி தின்ற பிறகு திரும்ப நடாமல் கைவிட்டவை.