ஆறு லட்சமும் பாண்காரரும்

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து ஆறு லட்சம் ரூபாயில் முழுநீளப் படம் எடுக்கப் போகிறோம். கமரா, லென்ஸ், ட்ரோன் வாடகைக்கு நாலரை லட்சம் ஒதுக்கியாயிற்று. அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ரொட்ரிகெஸ் 7,000 டொலரில் 'எல் மரியாச்சி' எடுத்தாரே, எங்களால் ஏன் முடியாது?
(ஒரு வாசகர், கொக்குவில்)

பதில்: முடியாது என்று யார் சொன்னது? ஆனால் அந்த 7,000 டொலர் கதையை எல்லாரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். படத்தை வாங்கிய கொலம்பியா என்ற ஹொலிவூட் நிறுவனம் அதைத் தியேட்டருக்குக் கொண்டுவர அதைப்போலப் பல மடங்கு செலவழித்தது. ஒலியைச் சரிசெய்ததும் அதில் அடக்கம்.

ரொட்ரிகெஸின் 16 மில்லிமீற்றர் கமரா ஓடும்போது சத்தம் போடும். அதனால் காட்சியை எடுத்து முடித்ததும், நடிகரின் வாயருகே மைக்கைப் பிடித்து அதே வசனத்தை மறுபடி சொல்லவைத்துப் பதிந்தார். வாயசைவு ஒத்துவராத இடத்தில் சட்டென்று வேறு ஷொட்டுக்குத் தாவினார். அந்தப் படத்தின் வேகம் என்று நாம் வியப்பதில் பாதி இந்தத் தாவல்தான். உங்கள் கணக்கிலோ ஒலி என்றொரு வரியே இல்லை, தம்பி.

யாழ்ப்பாணத்தில் அது சின்ன விஷயமில்லை. விடிந்தால் தோட்டத்தில் இறைப்பு மெஷின். ஆனி, ஆடி, ஆவணி என்றால் கூப்பிடு தூரத்தில் ஏதோ ஒரு கோயிலில் திருவிழா, ஒலிபெருக்கி. கோயில்காரரோடு மல்லுக்கு நிற்காமல் திருவிழா நோட்டீசைப் பார்த்துத் திகதி வையுங்கள். நான் கூடமாட நின்ற ஒரு குறும்படத்தில் ஆச்சி சாகும் காட்சி. மூன்று தரம் எடுத்தோம், மூன்று தரமும் பாண்காரர் தன் ஓட்டோவில், பாண் வந்ததென்று சொல்லும் அந்தப் பீத்தோவன் மெட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மூன்றாம் தரம் செத்துக் கிடந்த ஆச்சியே சிரித்துவிட்டார். பிறகுதான் பாண்காரர் ஒழுங்கைக்கு வரும் நேரங்களைக் கேட்டு எழுதிக்கொண்டோம்.

இன்னொன்று, இதற்குக் காசே வேண்டாம். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் எல்லாரையும் வாயை மூடச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் பதிந்து வையுங்கள். எடிட்டிங்கில் வசனத்துக்கு வசனம் ஒட்ட அதுதான் பசை.

ட்ரோனை விடுங்கள். அதற்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். கிடைத்தாலும், பனங்கூடலை மேலிருந்து பார்த்துப் பார்த்து சனத்துக்கு அலுத்துவிட்டது.

சரி, சாப்பாடு? பதினைந்து பேர், இருபது நாள், முந்நூறு பார்சல். ஒன்று 500 ரூபாய் என்று வைத்தாலே உங்கள் மிச்ச ஒன்றரை லட்சமும் சோற்றோடு போய்விடும். சம்பளமில்லாமல் வருகிறவர் வெறும் பிளேன்ரீயோடு இரண்டு சனிக்கிழமை வருவார். மூன்றாவது சனிக்கிழமை அவர் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வரும். சனி ஞாயிறுகளில் மட்டும் எடுப்பதானால் கதாநாயகனின் தாடிக்கும் ஒரு காவல் போடுங்கள். இடையில் ஒரு கலியாணவீடு வந்தால் மழித்துவிட்டு வந்து நிற்பார்.

கணக்கைத் திருத்தி எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன். கூடவே கதையையும். லென்ஸ் வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள், படம் எதைப் பற்றியதென்று ஒரு சொல் இல்லை.