முன் கிரவுன் ஒழுகுதா? ஆயில் சீலை மாற்றும் முன் பிரீதரைப் பாருங்கள்

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கடற்கரை மணலில் இறங்கி மீன்பெட்டி ஏற்றும் ஃபோர் வீல் பிக்கப் என்னுடையது. காலையில் வண்டியை எடுத்தால் முன் கிரவுனுக்கு (முன் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) நேர் கீழே எண்ணெய்க் கறை கிடக்கிறது. இடது பக்க ஆக்சில் சீலை (எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) இரண்டு தடவை மாற்றியாயிற்று. கொஞ்ச நாளில் மறுபடி அதே கதை. கடையில் கொடுப்பது போலி சீலா?
- வாசகர், தங்கச்சிமடம்

பதில்: போலியாகவும் இருக்கலாம். ஆனால் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு சீல் போனால், சீலைக் கெடுக்கிற வேறு ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒழுகுவது கிரவுன் ஆயில்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்தால் போதும். தேன் நிறத்திலோ பழுப்பாகவோ, கெட்டியாக, மூக்கில் ஏறும் கந்தக வாடையோடு இருந்தால் அது கியர் ஆயில். கறுப்பாக, அந்த வாடை இல்லாமல் இருந்தால் இன்ஜின் ஆயில். சிவப்பாக, நீர்க்க இருந்தால் பெரும்பாலும் பவர் ஸ்டியரிங் ஆயில். ஸ்டியரிங் ரேக்கிலிருந்து வழிந்து கிரவுன் மேல் சொட்டிப் பலரை ஏமாற்றும். வீலின் உட்புறம் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தால் கிரவுனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆக்சிலில் வளைந்து சுழலும் இணைப்பான சிவி ஜாயின்ட்டின் ரப்பர் உறை (பூட்) கிழிந்திருக்கிறது. நம் பக்கம் சீமைக் கருவேல முள்ளே அதைக் கிழிக்கப் போதும்.

கியர் ஆயில்தான் என்றால் அடுத்தது எங்கிருந்து வருகிறது என்பது. எண்ணெய் சொட்டும் இடம் ஒழுகும் இடமாக இருக்க வேண்டியதில்லை. ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும், நிற்கும்போது அது கீழே இறங்கும். ஆகவே நனைந்திருக்கும் பகுதியில் எது மேலே, எது முன்னே என்று தேடுங்கள். ஹவுசிங் முழுவதையும் மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். பிறகு இரண்டு ஆக்சில் வாய், பினியன் (புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் சின்னக் கியர்) வாய், கவர் ஓரம், மேலும் கீழும் உள்ள பிளக்குகள் எல்லாவற்றிலும் முகப்பவுடரைத் தூவி இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள். அதில் கொஞ்ச தூரம் மணலில் 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கும் ஹை நிலை) போட்டு ஓட்டினால்தான் முன் கிரவுன் சூடாகும். தார்ச்சாலையில் 4எச் போட வேண்டாம், கியர்களில் முறுக்கு ஏறும். திரும்பி வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம்.

உங்கள் வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது பிரீதரை. ஓடும்போது கிரவுன் சூடாகி உள்ளிருக்கும் காற்று விரிகிறது. அது வெளியேற இருக்கும் ஒரே வழி, ஹவுசிங் மேலிருந்து இன்ஜின் பக்கம் ஏறும் அந்த மெல்லிய ரப்பர் குழாய். அதன் நுனியில் உப்பும் மணலும் இறுகியிருந்தாலோ, குளவி மண் வைத்து அடைத்திருந்தாலோ, குழாய் மடங்கியிருந்தாலோ காற்று எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். புதுச் சீல் என்று பார்த்து விட்டுவிடாது. குழாயைக் கிரவுன் பக்கம் கழற்றி, அந்த முனையில் வாய் வைத்து ஊதுங்கள். மேல் நுனியில் காற்று தாராளமாக வர வேண்டும். மேலிருந்து கீழே ஊதிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பல வண்டிகளில் நுனியில் ஒருவழி வால்வு இருக்கும். இன்னொரு சோதனையும் உண்டு: ஓடி வந்த சூட்டோடு ஃபில்லர் பிளக்கை (எண்ணெய் ஊற்றும் துளையின் மூடி) மெதுவாகத் தளர்த்தும்போது புஸ்ஸென்று காற்று வந்தால் பிரீதர் அடைப்புதான்.

பிரீதர் சுத்தமாக இருந்தால் எண்ணெய் அளவைப் பாருங்கள். வண்டி சமதளத்தில், கிரவுன் ஆறியபின், எண்ணெய் ஃபில்லர் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டால் சரி. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு ஊற்றினால் அளவு தப்பி, கூடுதல் எண்ணெய் பிரீதர் வழியாகவோ சீல் வழியாகவோ வெளியே வரும்.

மூன்றாவது, ஷாஃப்ட். சீலின் உதடு உரசும் பளபளப்பான வளையத்தில் நகத்தை ஓட்டுங்கள். உப்புத் துரு மேலோட்டமாக இருந்தால் ஆயிரம் நம்பர் உப்புத்தாளை எண்ணெயில் நனைத்துச் சுற்றுவாக்கில் தேய்த்தால் போகும். நகம் குழியில் மாட்டினால் எந்தச் சீலும் நிற்காது. ஷாஃப்ட் மேல் ஸ்லீவ் (மெல்லிய உலோக உறை) ஏற்ற வேண்டும், இல்லையேல் ஷாஃப்டையே மாற்ற வேண்டும். உள்பக்க சிவி ஜாயின்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். தெளிவாக ஆடினால் பேரிங் அல்லது புஷ் தேய்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் சீல் மாற்றுவது வீண் செலவு.

சீல் ஏற்றும்போது ஸ்பிரிங் இருக்கும் பக்கம் எண்ணெயைப் பார்க்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, ஷாஃப்டின் பல்லில் டேப் சுற்றி ஏற்றுங்கள். பல் கீறிய சீல் அன்றைக்கே ஒழுகும். சுத்தியலால் ஓரம் ஓரமாகத் தட்டுவதும் கூடாது. சீலின் அகலத்துக்குச் சரியான குழாய்த் துண்டு வைத்து நேராக இறக்க வேண்டும்.

கேள்வி: படகை இறக்க வண்டியைக் கடலுக்குள் பின்னால் விட்டேன். முன் சக்கரம் பாதி முங்கியது. இப்போது முன் கிரவுன் ஆயில் பால் காப்பி நிறத்தில் இருக்கிறது. ஓட்டலாமா?
- வாசகர், ஏர்வாடி

பதில்: ஓட்டாதீர்கள். சூடான கிரவுன் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்ந்து, உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவோ சீல் வழியாகவோ கடல்நீரை இழுத்துக்கொள்ளும். ஒழுகாத வண்டியிலும் இது நடக்கும். உப்புநீர் பேரிங்கில் தங்கினால் சில நாளிலேயே துருப் புள்ளி விழும். அதன்பின் ஊளைச் சத்தம்தான்.

முதலில் ஃபில்லர் பிளக்கைத் திறந்து பாருங்கள். அது திறக்கும் என்று தெரிந்த பிறகே டிரெயின் பிளக்கில் கை வையுங்கள். மேல் பிளக் துருப்பிடித்து இறுகியிருக்க, கீழே எண்ணெயை இறக்கிவிட்டு விழிப்பவர்கள் நிறையப் பேர். முழுக்க இறக்கியதும் விலை குறைந்த கியர் ஆயிலை ஊற்றிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, சூட்டோடு மறுபடி இறக்குங்கள். இன்னும் வெளுப்பாக வந்தால் இன்னொரு தடவை. கடைசியில் வண்டிப் புத்தகத்தில் சொன்ன ஜிஎல்-5 ஆயில், பெரும்பாலும் 80டபிள்யூ-90 அல்லது 75டபிள்யூ-90. டிரெயின் பிளக் காந்தத்தில் மை போன்ற நுண்தூள் இருப்பது சகஜம். செதிலோ பல்துணுக்கோ இருந்தால் கிரவுனைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். பிளக்கின் செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.

இனி கடலில் இறக்கும் முன் வண்டியைக் கால் மணி நேரமாவது நிறுத்தி ஆறவிடுங்கள். பிரீதர் குழாயின் நுனியை பானெட்டுக்கு உள்ளே முடிந்த மட்டும் உயரத்துக்கு நீட்டிக் கட்டுங்கள். வந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், ஆனால் பிரஷர் பம்பைச் சீல் வாயில் நேராக அடிக்க வேண்டாம்.

கேள்வி: பினியன் சீல் மாற்றும்போது மெக்கானிக் ஏர் கன்னால் நட்டை இறுக்கினார். இப்போது அறுபதில் 'ஊய்' என்கிறது. அதனாலா?
- வாசகர், கீழக்கரை

பதில்: பெரும்பாலும் அதனால்தான். பல கிரவுன்களில் பினியனின் இரு பேரிங்குக்கும் நடுவே, நசுங்குவதற்கென்றே செய்த ஒரு குழாய் ஸ்பேசர் இருக்கும். நட்டை இறுக்கும் அளவுதான் பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. ஏர் கன் அதை ஒரு நொடியில் தாண்டிவிடும். பிறகு நட்டைத் தளர்த்திச் சமாளிக்க முடியாது, புது ஸ்பேசர் போட வேண்டும்.

சரியான முறை இது: புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றியதும், பழைய நட்டைத் தொடும் முன், முள் டார்க் ரென்ச்சால் பினியனைச் சுழற்றி எவ்வளவு இழுவை கேட்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். நட்டு, ஃபிளாஞ்ச், பினியன் மூன்றிலும் சென்டர் பஞ்சால் ஒரே கோட்டில் புள்ளி வைக்க வேண்டும். சீல் மாறிய பிறகு புது நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, பழைய இழுவையோ அதைவிட ஒரு துளி கூடுதலோ வந்ததும் நிறுத்த வேண்டும். சத்தத்தோடு தொடர்ந்து ஓட்டினால் பேரிங்கோடு கிரவுன் பல்லும் போகும்.

கேள்வி: என்னுடையது சாதாரண டூ வீல் பிக்கப். முன்னால் எண்ணெய் சொட்டுகிறது. முன் கிரவுன் சீலா?
- வாசகர், தொண்டி

பதில்: உங்கள் வண்டிக்கு முன் கிரவுனே கிடையாது. இன்ஜின் சம்ப் பேக்கிங்கையும் ஸ்டியரிங் ரேக்கையும் பாருங்கள்.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலம் முழுக்க வண்டி நின்றது. எடுத்ததும் முன் கிரவுன் ஒழுகுகிறது. கெட்டியான 140 ஆயில் ஊற்றினால் நிற்குமா?
- வாசகர், மூக்கையூர்

பதில்: சொட்டும் வேகம் குறையலாம், நிற்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் உப்புக்காற்றில் அசையாமல் நின்ற வண்டியில், சீல் உதடு தொடும் இடத்தை ஒட்டித் துரு வளையம் பிடிக்கும். வண்டியை எடுத்ததும் அந்தத் துரு உதட்டை அரம்போல் அறுத்துவிடும். முதல் பதிலில் சொன்ன உப்புத்தாள் வேலையும் புதுச் சீலும்தான் வழி. அதுவரை வாரத்துக்கு ஒருமுறை அளவு பாருங்கள். முன் கிரவுன் பல வண்டிகளில் ஒன்றிலிருந்து இரண்டு லிட்டருக்குள்தான் பிடிக்கும், கால் லிட்டர் குறைந்தாலே பினியனின் பேரிங்குக்கு எண்ணெய் எட்டாமல் போகலாம். அடுத்த தடைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை 4எச் போட்டு மணலில் ஒரு கிலோமீட்டர் ஓட்டி வைத்தால் துரு பிடிக்க நேரம் கிடைக்காது.