ரயில் பெட்டிக்குக் கரண்ட் எங்கிருந்து வருது? கேள்வி பதில்

கேள்வி: பழைய நீலப் பெட்டியில் வண்டி நின்ற பிறகும் விளக்கு எரிகிறதே, எப்படி சார்?

சென்னை ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) வடிவப் பெட்டிகளில் பெரும்பாலானவை ஓடும்போது தாங்களே கரண்ட் தயாரிப்பவை. சக்கர அச்சிலிருந்து வி-பெல்ட் மூலம் அடியில் தொங்கும் ஆல்டர்னேட்டர் (மின்சாரம் தயாரிக்கும் கருவி) சுழலும். ரெகுலேட்டர் அதை டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) ஆக்கி 110 வோல்ட் பேட்டரியை நிரப்பும். ஏசி இல்லாத பெட்டிக்கு 4.5 கிலோவாட் ஆல்டர்னேட்டர், 120 ஆம்பியர்-மணி பேட்டரி. ஏசி பெட்டிக்கு 25 கிலோவாட்டில் இரண்டு, 1100 ஆம்பியர்-மணி பேட்டரி. வண்டி நின்றாலோ மெதுவாக ஊர்ந்தாலோ பேட்டரிதான் சுமையைத் தாங்கும். 120 ஆம்பியர்-மணி என்பது சுமார் 13 யூனிட். 3 கிலோவாட் சுமைக்குக் கணக்குப்படி நாலு மணி நேரம், பழைய பேட்டரியில் அதுவும் வராது.

கேள்வி: ஒரு பெட்டியில் மட்டும் விளக்கு மங்குகிறது. எதை முதலில் பார்ப்பது?

பெல்ட்டை. 25 கிலோவாட் ஆல்டர்னேட்டருக்கு இருபுறமும் ஆறாறாக 12 பெல்ட். ஒன்று அறுந்தால் அதை மட்டும் மாற்றுவது தவறு: பழையவை நீண்டிருக்கும், சுமை முழுதும் புதியதன் மேல் விழுந்து அதுவும் சீக்கிரம் போகும். ஒரே நீளக் குறியீடுள்ள முழு செட்டையும் போடுங்கள். புதிய பெல்ட் ஓடியதும் தளரும், மறுபடி இழுவை சரிபார்க்க வேண்டும். பெல்ட் சரியென்றால் ஃபியூஸ், பிறகு பேட்டரி இணைப்புகள். வழியில் அவசரமென்றால் பக்கத்துப் பெட்டியிலிருந்து விளக்குக்கு இணைப்புக் கொடுக்க முனைகள் உண்டு.

கேள்வி: ஜெர்மன் வடிவப் புதிய எல்எச்பி பெட்டிகள் உள்ள வண்டிகளில் கரண்ட் எப்படி?

அங்கே அச்சு ஆல்டர்னேட்டர் கிடையாது. பவர் கார் என்ற தனி ஜெனரேட்டர் பெட்டியின் டீசல் ஜெனரேட்டர்கள் 750 வோல்ட் மூன்று ஃபேஸ் மின்சாரத்தை வண்டி முழுக்க அனுப்பும். பெட்டிக்கடியில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் 415 ஆக்கும். இப்போது டபிள்யூஏபி-7 போன்ற மின்சார எஞ்சின்களே மேல்கம்பியின் 25,000 வோல்ட்டிலிருந்து அந்த 750-ஐத் தருகின்றன. டீசல் மிச்சம், புகையும் இரைச்சலும் இல்லை. என் கணிப்பில் இதுவே சரியான வழி.

கேள்வி: அப்படிப்பட்ட வண்டியில் ஏசி திடீரென்று நின்று மறுபடி வருகிறதே?

மேல்கம்பியில் ஒரு ஃபேஸ் முடிந்து அடுத்தது தொடங்குமிடத்தில் மின்சாரமில்லாத சிறு இடைவெளி இருக்கும். அங்கே எஞ்சினின் பிரேக்கர் (பெரிய சுவிட்ச்) திறந்து மின்சாரம் துண்டிக்கப்படும். சப்ளை சில நொடிகளில் திரும்பினாலும் ஏசியின் கம்ப்ரஸர், அதைத் தாமதித்து இயக்கும் ரிலேவால், கொஞ்சம் பொறுத்தே ஓடும். பழுதல்ல.

கேள்வி: ஏசி இல்லாத ஐசிஎஃப் பெட்டி சாக்கெட்டில் எதையெல்லாம் செருகலாம்?

அதில் வருவது 110 வோல்ட் டிசி. இன்றைய செல்போன் சார்ஜர் அதை ஏற்கும். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய அடாப்டர் சூடேறிக் கருகும். கெட்டில் செருகவே கூடாது.