பரிசோதகர் வருமுன் ஏசியைத் தொட்டது யார்?

கேள்வி: கிளிநொச்சியில் வாடகைக் கட்டடத்தில் பல் வைத்திய நிலையம் நடத்துகிறேன். மார்கழி மழையில் கூரை ஒழுகி, சீலிங்கிலும் ஏசியிலும் பங்கசு பிடித்துவிட்டது. வவுனியாவிலிருந்து ஒப்பந்தகாரர் ஒருவர் வந்து துப்புரவாக்கித் தந்தார். ஒரு கிழமை கழித்து வந்த பரிசோதகர், ஏசிக்குள் இன்னும் பங்கசு இருக்கிறது என்று எழுதிவிட்டார். இப்போது ஒப்பந்தகாரர் மிச்சம் 180,000 ரூபா கேட்டுக் கோரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறார். தெரிந்தவர் என்று நம்பி ஏமாந்துவிட்டேன். மூன்று கிழமை நிலையம் பூட்டிக் கிடந்தது. நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: நீங்கள் எழுதியபடி ஒப்பந்தகாரர் போனில் பேசிய பேச்சு, உங்கள் மாமாவின் முன்னால் நடந்துகொண்ட விதம், இவை உங்களை நோகடித்திருக்கும். ஆனால் வழக்குக்கு உதவாது. கூரையைத் திருத்தித் தராத கட்டடச் சொந்தக்காரருடனான பிணக்கும் வேறு. அதைத் தனியாகப் பார்க்கலாம்.

எனக்கு வேண்டியது நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. மணம் போகட்டும் என்று ஏசியை ஹீட் மோடில் மூன்று இரவு ஓடவிட்டிருக்கிறீர்கள். பரிசோதனைக்கு முதல் நாள் ஏசி திருத்தும் தம்பி ஒருவர் வந்து பழைய பில்டரை எறிந்துவிட்டு, பம்ப் அடித்துக் கழுவிவிட்டும் போயிருக்கிறார். வழக்கு இங்கேதான் நிற்கிறது. ஒப்பந்தகாரர் வேலை முடித்துப் போன நாளில் பங்கசு இருந்ததா, பிறகு வந்ததா? நட்டஈடு கேட்பவர் நீங்கள், ஆகவே அதை நிரூபிக்க வேண்டியவரும் நீங்கள்.

எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்? ஈரம்பட்ட பொருள் 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் காயாவிட்டால் பங்கசு பிடிக்கலாம். கழுவிய தண்ணீர் ஏசியின் அடியிலுள்ள தட்டில் தேங்கி நின்றது என்று பரிசோதகரே எழுதியிருக்கிறார். சீலிங்கில் மிச்சமிருந்த பங்கசு வித்துகளை அந்த மூன்று இரவும் காற்றாடி இழுத்து உள்ளே போட்டது என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சொன்னால், இல்லை என்று சொல்ல உங்களிடம் ஒரு படம்கூட இல்லை. பில்டரும் இல்லை.

இந்த இடத்தில் விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விருந்தாளி வருமுன் வீடு கூட்டுவதைப் போல, பரிசோதகர் வருமுன் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் சாட்சியம் அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. ஏசியைப் பரிசோதனைக்கு ஆயத்தம் செய்வது வேறு விதமான வேலை. துப்புரவு நடக்கும்போதே பிரேக்கரை இறக்கி, காற்று வரும் வாயையும் இழுக்கும் வாயையும் பொலித்தீன் போட்டு ஒட்டிவிட வேண்டும். கொயில், காற்றாடி, தண்ணீர்த் தட்டு, வடிகுழாய் இவற்றைத் துப்புரவாக்க வேண்டியவர் யார் என்று விலைமனுவில், அதாவது வேலையையும் விலையையும் எழுதித் தரும் தாளில், எழுதியிருக்க வேண்டும். அவர் முடித்ததும் தட்டு காய்ந்திருப்பதைத் திகதியோடு படம் எடுங்கள். கழற்றிய பில்டரைப் பையில் கட்டி, பையின் மேல் இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். அப்புறம் பரிசோதகர் சொல்லும்வரை ஒருவரும் சுவிட்சில் கை வைக்கக் கூடாது.

உங்கள் விலைமனுவை இரண்டு தரம் வாசித்தேன். “சுவர், சீலிங்” என்று மட்டும் இருக்கிறது. ஏசி என்ற சொல்லே இல்லை. வாயால் சொன்னார் என்கிறீர்கள், அவர் இல்லை என்பார். என்ன அளவுக்குச் சுத்தமானால் வேலை முடிந்ததாகும் என்றும் எழுதவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம்கூடக் காற்றில் இத்தனை வித்து வரை இருக்கலாம் என்று எல்லை வகுக்கவில்லை. அளவுகோலை நீங்கள் எழுதியிருந்தால்தான் உண்டு. போதாததற்கு “வேலை திருப்தி” என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்.

பூட்டிக் கிடந்த மூன்று கிழமை வருமானத்தை மிச்சக் காசில் கழித்துக்கொள்ளவும் முடியாது. நீதிமன்றம் தொகையைத் தீர்மானிக்கும்வரை அது உங்கள் கணக்கு மட்டும்தான். அவர் கேட்பது எழுதிக் கையெழுத்திட்ட தொகை. இழுத்தடித்தால் விட்டுவிடுவார் என்றும் நினைக்காதீர்கள். எழுத்து ஒப்பந்தத்துக்குக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் வழக்குப் போட 6 ஆண்டு தருகிறது. “ஒரு சதமும் தரமாட்டேன்” என்று வட்ஸ்அப்பில் இனி எழுத வேண்டாம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் கீழ் அதுவும் சான்றாக வரும்.

ஆகவே சமாதானமாகப் போங்கள். இந்தத் தொகைக்கு எப்படியும் முதலில், பிணக்கைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும். அங்கே சட்டத்தரணி வர முடியாது, நீங்களே பேச வேண்டும். ஏசியைத் தன் செலவில் கழற்றித் துப்புரவாக்கித் தந்தால் மிச்சத்தில் பெரும்பகுதியைத் தருவதாகச் சொல்லுங்கள். என் கணக்கில் 120,000 நியாயம், 140,000 வரை போகலாம். மறுபரிசோதனைக்கு இரண்டு பேரும் நிற்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். உடன்பட்டதைச் சபையிலேயே எழுதி எடுங்கள். “இரு தரப்புக்கும் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற வரி அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். காசைக் கையில் கொடுக்காமல் வங்கியில் போட்டு, பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.