நேர்காணலில் குரல் நடுங்காமல், நம்பிக்கையோடு பேசுவது எப்படி?

கேட்டவர் பி.காம் முடித்தவர். சேலத்தில் மூன்று இடங்களுக்கு நேர்காணல் போயிருக்கிறார். மூன்றிலும் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதுமே தொண்டை அடைத்துக்கொண்டதாம். நடுவில் இரண்டு வருடம் அப்பாவின் மளிகைக் கடையைப் பார்த்துக்கொண்டதாகவும் அதை ரெஸ்யூமில் போடவில்லை என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரிதான் என்னைப் பதில் எழுத வைத்தது.

தம்பி, நான் எச்.ஆர். படித்தவள் இல்லை. மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் எடுக்கும் ஆலை ஒன்றில் லேப் பார்க்கிறேன். இப்போது ஆள் எடுக்கும்போது மேஜைக்கு இந்தப் பக்கம் என்னையும் உட்கார வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஊர் வாழப்பாடிப் பக்கம். இரண்டு ஏக்கர், பெரும்பாலும் கிழங்குதான். பி.எஸ்சி கெமிஸ்ட்ரி முடித்த வருடம் சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் என் முதல் நேர்காணல். ரெஸ்யூம் எனக்கு எழுதத் தெரியாது. ஹாஸ்டலில் சீனியர் அக்கா ஒருத்தர் வைத்திருந்ததை வாங்கி, பெயரையும் மார்க்கையும் மாற்றி பிரிண்ட் எடுத்தேன். செல்ஃப் இன்ட்ரோவும் அவருடையதுதான். பஸ் அயோத்தியாப்பட்டணம் தாண்டும் வரை அதை முணுமுணுத்துக்கொண்டே போனேன். உள்ளே மூன்று பேர். ஒருவர் கடைசி வரை போனிலிருந்து தலை நிமிரவில்லை. நான் ஒப்பித்துக்கொண்டு வந்தேன். நடுவில் இருந்தவர் என் ரெஸ்யூமைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஹாபி ஸ்டாம்ப் கலெக்ஷனா? உங்களிடம் இருப்பதிலேயே பழைய ஸ்டாம்ப் எது?" என்று கேட்டார்.

என்னிடம் ஒரு ஸ்டாம்ப்கூட இல்லை. அது அந்த அக்காவின் ஹாபி.

அதற்கப்புறம் அவர்கள் கேட்ட எதற்கும் வாய் வரவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த டைட்ரேஷன் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது) கேள்விக்குக்கூட. பிளாஸ்டிக் ஃபைலைப் பிடித்திருந்த இடத்தில் என் ஐந்து விரலும் வியர்வையில் பதிந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மற்ற இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். வெளியே டீக்கடையில் அப்பா காத்திருந்தார். "என்ன கண்ணு கேட்டாங்க?" என்றவரிடம், "படிச்சதைத்தான் கேட்டாங்கப்பா" என்று பொய் சொன்னேன்.

அன்று ராத்திரி அந்தத் தாளில் இருந்த ஒவ்வொரு வரியையும் எடுத்து, இதன் மேல் இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் தாங்குவேனா என்று பார்த்தேன். தாங்காததை எல்லாம் பேனாவால் அடித்தேன். பாதிப் பக்கம் போயிற்று. மிச்சம் இருந்த இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தபோதுதான் பாயிண்ட் ஞாபகம் வந்தது.

கிழங்கு விற்றவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆலையில் கிழங்குக்கு விலை பாயிண்ட் கணக்கில்தான். கூடையில் கிழங்கைப் போட்டு முதலில் வெளியே எடை போடுவார்கள். அப்புறம் அதையே தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடை பார்ப்பார்கள். மாவுச்சத்து கூடினால் கிழங்கின் அடர்த்தி கூடும், தண்ணீருக்குள்ளும் எடை நிற்கும். அதை வைத்துத்தான் 26, 28 என்று பாயிண்ட் போடுவது. ஒரு பாயிண்ட் குறைந்தால் லோடுக்கே பணம் இறங்கிவிடும். அப்பா அந்தத் தராசு முன்னால் ஒன்றும் பேசாமல் நிற்பார். பத்தாவது படிக்கும்போதிருந்து அவரோடு போய் முள்ளை நான் பார்ப்பேன். நாங்கள் ஆலைக்குப் போட்ட ஒவ்வொரு லோடின் பாயிண்டும் நாலு வருடத்துக்கு என் நோட்டில் இருந்தது. அதை ரெஸ்யூமில் இரண்டு வரியாகப் போட்டேன்.

அடுத்த நேர்காணல் ஒரு மாவு ஆலையில். வயசான முதலாளி, தமிழிலேயே கேட்டார்: "ஏம்மா, உங்க நோட்டுல ஒரே காட்டுல வெளைஞ்ச கிழங்கு ஒரு லோடு 28, அடுத்த லோடு 25ன்னு இருக்கே. தராசு தப்பா?" நான் சொன்னேன்: "தராசு இல்லீங்க சார். நடுவுல மழை பேஞ்சுது. காய்ஞ்சு கிடந்த செடி மழையைக் கண்டதும் புதுசா இலை விடும். அதுக்குக் கிழங்குல இருக்கிற மாவைத்தான் எடுத்துக்கும். பாயிண்ட் இறங்கிடும்." அவர் விடவில்லை. வெட்டி இரண்டு மூன்று நாள் போட்டால் என்ன ஆகும், ஒட்டின மண்ணைத் தட்டாமல் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே போனார். என் குரல் எந்த இடத்தில் நடுக்கம் விட்டது என்று எனக்கே தெரியாது. ஜவ்வரிசியில் சல்பர் டை ஆக்ஸைடு எவ்வளவு வரை இருக்கலாம் என்று கேட்டார். "அந்த அளவு தெரியாதுங்க சார், ஆனா அயோடின் டைட்ரேஷன் காலேஜ்ல செஞ்சிருக்கேன், சொல்லிக் கொடுத்தா அளந்து தருவேன்" என்றேன். தெரியாது என்று சொல்லும்போதும் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

இங்கே சிலர் சண்டைக்கு வருவார்கள், தெரியும். இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐ.டி. கம்பெனிக்குப் போகிறவருக்கு இங்கிலீஷ் வேண்டும், பழகித்தான் ஆக வேண்டும். எனக்கு நல்ல முதலாளி வாய்த்தார், அதுவும் உண்மை. ஆனால் இன்றைக்கு என் முன்னால் வந்து உட்காரும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் ஒரே பாராவைச் சொல்கிறார்கள். கோச்சிங் சென்டரில் காசு கட்டி வாங்கிய பாரா. நடுவில் ஒரு கேள்வி கேட்டு நிறுத்தினால் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொன்றும் எரிகிறது. நீங்கள் கேட்டதற்கு இது சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வேலை கிடைத்தும் அசல் மார்க் ஷீட் இல்லாததால் எனக்கு இருபது நாள் தள்ளிப்போனது. ஃபீஸ் பாக்கி 8,000 ரூபாய்க்காகக் கல்லூரியில் பிடித்து வைத்திருந்தார்கள். அம்மா தோட்டை அடகு வைத்துத்தான் மீட்டோம். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-ல் அறிவிக்கையே வெளியிட்டது. இன்னும் என்னிடம் வரும் பிள்ளைகள் "ஒரிஜினல் காலேஜ்ல இருக்கு மேடம்" என்கிறார்கள். உங்களுடையது அப்படி மாட்டியிருந்தால் அந்த அறிவிக்கையைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

நேர்காணலே வேண்டாம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. மத்திய அரசின் குரூப் சி வேலைகளுக்கும், கெசட் பதவி அல்லாத குரூப் பி வேலைகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்காணல் கிடையாது. என் தங்கை அந்தப் பக்கம்தான் போனாள். ஆனால் உங்கள் கேள்வியைப் படித்தால் உங்களுக்குத் தனியார் வேலைதான் வேண்டும் என்று தெரிகிறது.

சரி, அந்த இரண்டு வருடம். ஏன் தம்பி மறைத்தீர்கள்? அக்கவுண்ட்ஸ் வேலைக்குத்தானே போகிறீர்கள்? கடன் நோட்டில் யார் எவ்வளவு பாக்கி என்று உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். தேதி முடிந்த சரக்கை ஏஜென்சிக்காரரிடம் எப்படித் திருப்பினீர்கள், ஜிஎஸ்டி பில்லை ஆடிட்டரிடம் கொடுக்கும் முன் எப்படி அடுக்கினீர்கள், லீ பஜார் மொத்தக் கடைகளில் பருப்பு விலை ஏறின வாரம் என்ன செய்தீர்கள்? இதில் எதைக் கேட்டாலும் உங்களால் பத்து நிமிடம் பேச முடியும். இன்றைக்கு ராத்திரி கடை சாத்தினதும் அப்பாவை எதிரில் உட்கார வைத்து அதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். தப்பாகச் சொன்னால் அவரே திருத்துவார். ரெஸ்யூமில் கடைப் பெயரையும் எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை என்பதையும் முழுசாகப் போட்டு நாளைக்கே மாற்றி எழுதுங்கள்.